வீட்டில் கலந்த இ-லிக்விடை ஊறவைப்பதும் காற்றாட விடுவதும்: முழுமையான வழிகாட்டி

இ-சிகரெட்டில், அதாவது வேப்பில், ஊற்றி ஆவியாக இழுக்கும் திரவம்தான் இ-லிக்விட்; பேச்சுவழக்கில் ஜூஸ். இன்று கலந்த கஸ்டர்ட் ஜூஸை இன்றே இழுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பாலும் முட்டையும் வர வேண்டிய இடத்தில் ஏதோ சென்ட் நெடி அடிக்கும். வெனிலா ஒரு பக்கம், வெண்ணெய் ஒரு பக்கம் என்று ஒட்டாமல் நிற்கும். அதே பாட்டிலை மூடி, இருட்டில் வைத்து, மூன்று வாரம் கழித்து எடுத்தால் வேறு யாரோ கலந்ததுபோல இருக்கும். இப்படி நாள்பட விடுவதைத்தான் ஊறவைத்தல், ஸ்டீப்பிங் என்கிறார்கள்.

மூடியைத் திறந்து வைத்துக் காற்றாட விடுவது வேறு வேலை. ஆனால் இரண்டையும் சேர்த்தே சொல்வது வழக்கமாகிவிட்டது: கலக்கு, சூடாக்கு, ஒரு நாள் திறந்து வை, பிறகு மூடு. எல்லா ஜூஸுக்கும் இதே மந்திரம். எனக்கு இதில் உடன்பாடில்லை. நாள்பட வைப்பது கிட்டத்தட்ட எல்லாக் கலவைக்கும் நல்லது. காற்று சிலவற்றுக்கு மட்டுமே நல்லது. மற்றவற்றில் முதலில் பறிபோவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வாசனைதான். ஆகவே இந்த வழிகாட்டியில் ஊறவைப்பது எல்லோருக்கும், காற்றாட விடுவது தேவைப்பட்டால் மட்டும்.

தொடங்கும் முன் ஒரு சொல். இது ஏற்கெனவே வேப் பயன்படுத்தும் வயதுவந்தவர்களுக்காக எழுதியது. நிகோடின் அடிமையாக்கும் பொருள். புகைப் பழக்கமே இல்லாதவர் இதற்குள் வர ஒரு காரணமும் இல்லை. பல நாடுகளில் இ-சிகரெட் விற்பனைக்குத் தடை உண்டு, சில நாடுகளில் கையில் வைத்திருப்பதே குற்றம். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது

ஜூஸின் உடம்பு இரண்டு திரவங்கள்: புரொப்பிலீன் கிளைக்கால், வெஜிடபிள் கிளிசரின். சுருக்கமாக பி.ஜி., வி.ஜி. பி.ஜி. நீர்த்திருக்கும், வி.ஜி. தேன்போலக் கனத்து ஒழுகும். 25 டிகிரி செல்சியஸில் வி.ஜி.யின் பிசுபிசுப்பு பி.ஜி.யைவிட ஏறத்தாழ 20 மடங்கு. ஃப்ளேவர்கள் பெரும்பாலும் பி.ஜி.யில் கரைத்துத்தான் விற்கப்படுகின்றன. ஆக, நீர்த்த ஒன்றைக் கனத்த ஒன்றுக்குள் ஊற்றுகிறோம். நன்றாகக் கலக்காவிட்டால் ஒரு சொட்டில் ஃப்ளேவர் தூக்கலாகவும் அடுத்த சொட்டில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கும். ‘ஊறிவிட்டது’ என்று பலர் சொல்வதில் பாதி, உண்மையில் ‘இப்போதுதான் கலந்தது’ என்பதே.

அடுத்தது, எளிதில் ஆவியாகிறவை வெளியேறுவது. சில ஃப்ளேவர்களில் எத்தனால் இருக்கும். அது 78 டிகிரியிலேயே கொதிக்கிற பொருள். திறந்த வாய் வழியாகச் சாதாரண வெப்பத்திலும் மெல்ல நழுவிவிடும். புதுக் கலவையின் சுருக்கென்ற காட்டம் பல நேரம் இதிலிருந்து வருவதுதான்.

மூன்றாவதுதான் சுவாரசியமானது. வெனிலாவின் வெனிலின், செர்ரி–பாதாம் வாசனை தரும் பென்சால்டிஹைடு, இலவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு, எலுமிச்சையின் சிட்ரால் இவையெல்லாம் ஆல்டிஹைடுகள் என்னும் வேதி வகை. இவை சும்மா இருப்பதில்லை, பி.ஜி.யுடன் வினைபுரிந்து அசெட்டால் என்னும் புதிய சேர்மங்களாக மாறுகின்றன. யேல், டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், கலந்து வைத்த திரவத்தில் ஆல்டிஹைடின் 40 சதவீதம் வரை இப்படி மாறுவதைக் கண்டார்கள். வெனிலாவின் கூர்முனை மழுங்கி உருண்டு வருவதில் இந்த வினைக்கும் பங்கு இருக்கலாம் என்பது என் ஊகம். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: இந்த அசெட்டால்கள் ஆவியிலும் கூடவே வருகின்றன, மூச்சுப்பாதையில் எரிச்சலை உணரும் ஏற்பிகளைத் தூண்டுகின்றன. ஆகவே ஊறிய ஜூஸ் ருசியானது என்று சொல்லலாம், பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது.

நான்காவது, நிகோடின் ஆக்ஸிஜனோடு சேர்வது. தெளிவாக இருந்த ஜூஸ் மஞ்சளாகி, பிறகு தேநீர் நிறத்துக்குப் போகும். வெளிச்சமும் சூடும் காற்றும் இதை விரைவாக்கும். நிறம் கறுத்தால் நன்றாக ஊறிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. அது தவறான அளவுகோல். வெனிலின் இருந்தால் ஜூஸ் தானாகவே பழுப்பாகும். நிகோடின் கெட்டாலும் பழுப்பாகும். நிறத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

முதல் படி: அளந்து கலப்பது

ஊறவைப்பது கலக்கும் மேசையிலேயே தொடங்குகிறது. சிரிஞ்சைவிட 0.01 கிராம் வரை காட்டும் தராசு நல்லது, வி.ஜி.யைச் சிரிஞ்சில் இழுத்துப் பார்த்தவருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மி.லி. வி.ஜி. 1.26 கிராம், ஒரு மி.லி. பி.ஜி. 1.04 கிராம் என்று கொள்ளலாம். ஃப்ளேவர்களை மி.லி.க்கு 1 கிராம் என்றே பலரும் வைத்துக்கொள்கிறார்கள், பிழை சிறியதுதான்.

30 மி.லி. ஜூஸ் கலப்பதாக வைத்துக்கொள்வோம். 70 பங்கு வி.ஜி., 30 பங்கு பி.ஜி., ஃப்ளேவர் 12 சதவீதம், நிகோடின் மி.லி.க்கு 3 மி.கி. கையில் இருக்கும் நிகோடின், பி.ஜி.யில் கரைத்த, மி.லி.க்கு 100 மி.கி. வகை. மொத்தம் 90 மி.கி. தேவை, அதாவது நிகோடின் கரைசல் 0.9 மி.லி. ஃப்ளேவர் 3.6 மி.லி. இரண்டும் பி.ஜி. கணக்கில் சேர்வதால் தனியாக ஊற்ற வேண்டிய பி.ஜி. 4.5 மி.லி., எடையில் 4.68 கிராம். வி.ஜி. 21 மி.லி., எடையில் 26.46 கிராம்.

நிகோடின் கரைசலைத் தொடும்போது நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அது தோல் வழியாகவே உடலுக்குள் போகும். சிந்தினால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். தலைச்சுற்றலோ குமட்டலோ வந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். 100 மி.கி. கரைசலில் சில சொட்டுகளே குழந்தைக்கு ஆபத்து. பழ வாசனை அடிக்கும் எந்தத் திரவத்தையும் குழந்தைகள் வாயில் வைக்கக்கூடும். கலந்து முடித்த பாட்டிலுக்கும் குழந்தைகள் திறக்க முடியாத மூடி வேண்டும், பூட்டிய இடம் வேண்டும்.

ஃப்ளேவர் விஷயத்தில் ஒரே ஒரு விதியை மீறவே கூடாது: எண்ணெயில் கரைத்ததைச் சேர்க்காதீர்கள். சமையலுக்கு விற்கும் எண்ணெய் எசன்ஸ், நறுமண எண்ணெய் எதுவும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அழற்சி வரலாம். 2019-ல் அமெரிக்காவில் வேப் பயன்படுத்தியோரிடம் பரவிய கடும் நுரையீரல் பாதிப்போடு வலுவாகத் தொடர்புபடுத்தப்பட்டதும் வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்த்தன்மையுள்ள பொருள்தான். அது பெரும்பாலும் கஞ்சா எண்ணெய்க் கார்ட்ரிட்ஜ்களில் இருந்தது.

கஸ்டர்ட் பிரியர்களுக்குத் தனியாக ஒன்று. வெண்ணெய் வாசனை தரும் டயஅசிட்டைலை மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களின் நுரையீரல் நோயோடு 2000-ம் ஆண்டுவாக்கிலேயே இணைத்துவிட்டார்கள். அதனால் பல நிறுவனங்கள் அதை நீக்கி, அதேபோல வெண்ணெய் வாசனை தரும் அசிட்டோயினுக்கு மாறின. சிக்கல் என்னவென்றால், பாட்டிலில் இருக்கும்போதே அசிட்டோயினின் ஒரு பகுதி டயஅசிட்டைலாக மாறக்கூடும். நிகோடின் இருந்தால் இன்னும் கூடுதலாக. கஸ்டர்டை மாதக்கணக்கில் ஊறவைப்பது பெருமைக்குரிய விஷயம் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டும் இல்லாத வெண்ணெய் ஃப்ளேவர்கள் கிடைக்கின்றன. அவற்றைத் தேடி வாங்குங்கள்.

இரண்டாம் படி: பாட்டில், குலுக்கல், வெளிச்சச் சோதனை

ஊறவைக்கப் பழுப்புநிறக் கண்ணாடி பாட்டில் சிறந்தது. பிளாஸ்டிக்கும் ஓடும், ஆனால் இலவங்கப்பட்டை, எலுமிச்சை வகை ஃப்ளேவர்கள் சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் விழவைக்கும். வேப்பில் ஜூஸ் ஊற்றும் பிளாஸ்டிக் டேங்க் விரிசல் விட்ட கதைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இவைதான். பாட்டிலின் அளவையும் யோசியுங்கள். 30 மி.லி. ஜூஸை 100 மி.லி. பாட்டிலில் ஊற்றினால் மேலே இருக்கும் 70 மி.லி. காற்று வாரக்கணக்கில் நிகோடினோடு குடியிருக்கும். கழுத்துவரை நிரம்பும் பாட்டிலை எடுங்கள், குலுக்க ஒரு விரல் இடம் விட்டால் போதும்.

மூடியதும் இரண்டு மூன்று நிமிடம் பலமாகக் குலுக்குங்கள். ஜூஸ் பால்போல வெளுத்துப்போகும். அது நுண்குமிழ்கள், சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அடங்கிய பிறகு பாட்டிலை விளக்குக்கு முன் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பழுப்புக் கண்ணாடியில் தெரியாது என்றால் சிறிது ஜூஸை நிறமில்லாத கண்ணாடியில் ஊற்றிப் பாருங்கள். உள்ளே கோடை வெயிலில் தார்ச்சாலைக்கு மேல் தெரிவதுபோல நெளிநெளியாக இழைகள் ஓடினால் பி.ஜி.யும் வி.ஜி.யும் இன்னும் கலக்கவில்லை. பி.ஜி.யின் ஒளிவிலகல் எண் 1.43, வி.ஜி.யினுடையது 1.47, இந்தச் சின்ன வித்தியாசம்தான் இழையாகக் கண்ணுக்குத் தெரிகிறது. நெளிவே இல்லாமல் ஒரே கண்ணாடிபோல நின்றால் கலவை சரி. நிறத்தைப் பார்ப்பதைவிட இந்தச் சோதனை நூறு பங்கு நம்பகமானது. ஏனோ யாரும் இதைச் சொல்வதில்லை.

லேபிள் ஒட்டுங்கள். கலந்த தேதி, ஃப்ளேவர் பெயர்களும் சதவீதமும், நிகோடின் அளவு, பிறகு எப்போதாவது மூடியைத் திறந்து வைத்தால் அந்த நேரம். நினைவில் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

மூன்றாம் படி: வெந்நீர், விருப்பம் இருந்தால்

கனத்த ஜூஸுக்கு இது உதவும். 50 டிகிரியில் வி.ஜி.யின் பிசுபிசுப்பு அறை வெப்பத்தில் இருந்ததில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும். அப்போது குலுக்கினால் நன்றாகக் கலக்கும். 45 முதல் 50 டிகிரி வெந்நீரில், மூடியை இறுக்கி, ஜிப் பைக்குள் போட்ட பாட்டிலை அரை மணி நேரம் வையுங்கள். எடுத்துக் குலுக்குங்கள். ஒருமுறை, வேண்டுமானால் இரண்டு முறை. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிகோடினைச் சூடாக்காமல் இருப்பது நல்லது. வெந்நீரில் வைப்பதாக இருந்தால் முதல் படியில் நிகோடினை விட்டுவிட்டு, வி.ஜி., பி.ஜி., ஃப்ளேவர் மூன்றையும் சூட்டில் கலந்து, ஆறிய பிறகு நிகோடின் சேர்த்துக் குலுக்கினால் ஆயிற்று. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். அதில் ஒரு இடம் கொதிக்கும், இன்னொரு இடம் சில்லென்று இருக்கும். மீயொலிக் குளியலும் காந்தக் கலக்கியும் நல்ல கருவிகள்தான். ஆனால் அவை கலக்கும், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் ஒரு மாத ஊறல் என்று விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். பால் நுரைக்கும் கருவி போட்டுச் சுழற்றுவோரும் உண்டு. ஜூஸ் முழுக்கக் காற்றைத் திணித்துவிட்டு நிகோடின் ஏன் கறுத்தது என்று கேட்பார்கள்.

நான்காம் படி: இருட்டில் வைத்துக் காத்திருப்பது

குளிர்ந்த, வெளிச்சம் படாத அலமாரி. ஜன்னல் ஓரம் கூடாது, அடுப்புப் பக்கம் கூடாது. முதல் வாரம் தினமும் ஒருமுறை குலுக்குங்கள், பிறகு தேவையில்லை.

பழ ஜூஸ்கள் கலந்த அன்றே இழுக்கத் தகும் நிலையில் இருக்கும், மூன்று முதல் ஐந்து நாளில் உச்சம். மெந்தால், மிட்டாய் வகைகளும் ஏறக்குறைய அப்படியே. பழத்தோடு கிரீம் சேர்ந்தால் ஒன்றிலிருந்து இரண்டு வாரம். கேக், பிஸ்கட் வகைக்கு இரண்டு வாரத்துக்கு மேல். கஸ்டர்டும் கனமான கிரீமும் மூன்று வாரம், சில நான்கு. புகையிலை ஃப்ளேவர்கள்தான் சோம்பேறிகள்: மூன்று வாரத்தில் தொடங்கி ஆறு வாரம் வரை மாறிக்கொண்டே இருக்கும். அதிலும் உண்மையான இலையிலிருந்து பிரித்தெடுத்தவை இன்னும் மெதுவாக.

இவை பழக்கத்தில் வந்த எண்கள், எழுதிவைத்த சட்டம் அல்ல. நாள் கூடக் கூட ருசி கூடிக்கொண்டே போகும் என்றும் எண்ண வேண்டாம். ஸ்ட்ராபெரி நாள்பட மங்கும். எலுமிச்சை இன்னும் மோசம்; சிட்ரால் உருமாறுவதால் இரண்டு மாதத்தில் பழம் போய்த் தரை துடைக்கும் திரவத்தின் சாயல் மட்டும் மிஞ்சுவதுண்டு. பழமும் கிரீமும் சேர்ந்த கலவையில் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். இரண்டும் சந்திக்கிற வாரத்தைப் பிடிப்பதுதான் இதில் திறமை.

ஐந்தாம் படி: மூடியைத் திறப்பதா?

ஒரு வாரம் மூடியே ஊறட்டும். பிறகு முகர்ந்து, இழுத்துப் பாருங்கள். மூக்கைச் சுருக்கவைக்கும் சாராய நெடியோ, ஃப்ளேவரை முந்திக்கொண்டு வரும் ரசாயனக் காட்டமோ இருந்தால் மட்டும் காற்றாட விடலாம். இல்லையென்றால் மூடியைத் தொடாதீர்கள்.

ஏன் இந்தக் கண்டிப்பு? கொதிநிலைகளை வரிசையாகப் பாருங்கள். எத்தனால் 78 டிகிரி. அன்னாசி வாசனை தரும் எத்தில் பியூட்டிரேட் 121. வாழைப்பழத்தின் ஐசோஅமைல் அசிடேட் 142. பி.ஜி. 188. வெனிலின் 285. கொதிநிலை மட்டுமே ஆவியாவதைத் தீர்மானிப்பதில்லை என்றாலும் வரிசை பாடம் சொல்கிறது: எத்தனாலுக்காகத் திறந்த வாசல் வழியே அடுத்ததாகக் கிளம்புவது பழம். வெனிலாவும் கஸ்டர்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் திறந்து வைத்த கஸ்டர்டு பிழைக்கிறது, திறந்து வைத்த மாம்பழம் தொலைந்துபோகிறது. இதோடு, வி.ஜி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரப்பதம் மிகுந்த அறையில் வாயகன்ற பாத்திரத்தில் ஜூஸைத் திறந்து வைத்தால் தண்ணீரும் சேரும்.

செய்யும் முறை இது. சொட்டுமுனை இருந்தால் கழற்றிவிடுங்கள். பாட்டில் வாயில் ஒரு டிஷ்யூ தாளை வைத்து ரப்பர் வளையம் போடுங்கள், தூசி விழாது. இருட்டான, குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத இடத்தில் அரை மணி நேரம் வையுங்கள். முகர்ந்து பாருங்கள். நெடி குறையவில்லை என்றால் இன்னும் அரை மணி. மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். மூடி, குலுக்கி, மறுநாள் சுவை பாருங்கள். இரண்டு தடவை இப்படிச் செய்தும் நெடி போகவில்லை என்றால் குற்றம் காற்றில் இல்லை, செய்முறையில். இரவு முழுக்கத் திறந்து வைக்கும் வழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை.

அமுக்கக்கூடிய பிளாஸ்டிக் பாட்டில் என்றால் இன்னும் மென்மையான வழி உண்டு. மூடியைத் திறந்து, ஜூஸ் வராமல் பாட்டிலை அமுக்கி மேலிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். விட்டதும் புதுக் காற்று உள்ளே போகும். மூடிக் குலுக்குங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை இதைச் செய்தால் பல ஜூஸுக்குத் திறந்து வைக்கவே வேண்டியிராது.

நம்பிக்கை வரவில்லையா? நீங்களே சோதித்துவிடுங்கள். ஒரே கலவை 30 மி.லி.யை மூன்று 10 மி.லி. பாட்டிலில் பிரியுங்கள். ஒன்றை மூடியே வையுங்கள். இரண்டாவதை ஒரு வாரம் கழித்து இரண்டு மணி நேரம் திறந்து வையுங்கள். மூன்றாவதை முதல் நாளே இரவு முழுக்கத் திறந்து விடுங்கள். பாட்டிலின் அடியில் மட்டும் எண் எழுதி, யாரையாவது இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். மூன்றாம் வாரம் எது எது என்று தெரியாமல் சுவை பாருங்கள். ஒரு பழ ஜூஸ், ஒரு கஸ்டர்ட் என்று இரண்டுக்கு இதைச் செய்தால் மேலே நான் சொன்னது சரியா என்று உங்கள் நாக்கே சொல்லும்.

சுவை பார்க்கும்போது

மூக்கு பாதிதான் சொல்லும். சூட்டில் ஜூஸ் வேறு முகம் காட்டும். சொட்டு சொட்டாக ஊற்றி இழுக்கும் ஆர்.டி.ஏ. அட்டோமைசர் (ஜூஸைச் சூடாக்கி ஆவியாக்கும் பகுதி) இதற்கு வசதி. ஒவ்வொரு ஜூஸுக்கும் புதுப் பஞ்சு, எப்போதும் ஒரே சூடேற்றும் கம்பிச் சுருள் (காயில்), ஒரே வாட். வாட்டை மாற்றிவிட்டு ஊறியதால் ருசி மாறியது என்று சொல்வதில் அர்த்தமில்லை. காபி குடித்த கையோடு பார்க்காதீர்கள். ஒரே ஃப்ளேவரை நாள் முழுக்க இழுத்தால் மூக்கு மரத்துவிடும். அப்போது நல்ல ஜூஸும் சப்பென்றிருக்கும். தண்ணீர் குடித்து, அரை நாள் விட்டுப் பாருங்கள்.

தொண்டையில் மிளகுபோலக் காரம் தெரிந்தால் நிகோடின் பழையது என்று சந்தேகப்படுங்கள். ஊறவைத்தால் அது போகாது, கூடத்தான் செய்யும். சோப்பு, சென்ட் சுவை நான்கு வாரத்துக்குப் பிறகும் நின்றால் ஃப்ளேவர் அதிகம். ஃப்ளேவர் இல்லாத பி.ஜி., வி.ஜி.யை அதே விகிதத்தில் சேர்த்து நீர்க்கவிட்டு இன்னொரு வாரம் வையுங்கள்; நிகோடினும் அதற்கேற்பக் குறையும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ருசி மங்கலாக இருந்தால் உடனே ஃப்ளேவரை ஊற்றாதீர்கள். சில ஃப்ளேவர்கள் அளவு மீறினாலும் மங்கித்தான் தெரியும். முதலில் ஒரு சிறு பாட்டிலில் குறைத்துக் கலந்து பாருங்கள். எந்த நாளும் எதையும் மீட்டுத் தராத செய்முறைகளும் உண்டு. அவற்றைக் கொட்டிவிடுவதே மேல்.

உச்சத்துக்கு வந்த ஜூஸைச் சிறு பாட்டில்களில் முழுக்க நிரப்பி, குளிர்ந்த இருட்டில் வைத்தால் மாற்றம் மெதுவாகும். கலக்காத நிகோடின் கரைசலைக் கண்ணாடி பாட்டிலில், பூட்டிய உறைபெட்டியில் வைக்கலாம். உணவோடு சேர்த்து வைக்காதீர்கள், ‘விஷம்’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கொட்ட வேண்டிய ஜூஸைக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றக் கூடாது. அபாயக் கழிவு வாங்கும் மையம் இருந்தால் பாட்டிலோடு அங்கே கொடுங்கள். இல்லையென்றால் கையுறை போட்டு, மரத்தூளிலோ பூனைக் கழிவு மணலிலோ ஊற்றி உறிஞ்சவிட்டு, இரண்டு பைக்குள் இறுகக் கட்டி, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள்.